சுறா முகமூடி

பூன் லே வட்டாரத்தில், அடுக்குமாடி புளோக் ஒன்றின் ஒன்பதாவது மாடியில் இருந்த மாணிக்கத்தின் வீட்டில் மூன்று வாரமாக யாரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. மேசையை மகள் சிவானி பிடித்துவைத்திருந்தாள். விரித்த நாளிதழின்மேல் சின்னச் சின்னப் பெயின்ட் புட்டிகளும் பழைய டூத் பிரஷ்களும் பஞ்சும் கிடந்தன. நடுவில் கவிழ்த்து வைத்த சோற்றுப் பானையின்மேல் ஒரு முகமூடி உட்கார்ந்து வீட்டையே முறைத்துக்கொண்டிருந்தது.

'ஆழிக்காவல்' படம் வந்ததிலிருந்து அவளுக்கு அந்தப் பித்து. கொள்ளையரிடமிருந்து துறைமுகத்தைக் காக்கும் பெண்ணொருத்தி, செம்பில் அடித்த சுறா முகமூடியைப் போட்டுக்கொண்டு கடலுக்குள் இறங்குவாள். அந்த முகமூடியை வீட்டிலேயே செய்து, டிசம்பரில் நடக்கும் வேடப் போட்டிக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எட்டுத் தாளில் வரைந்து வைத்திருந்தாள். கடைகளில் அச்சு வார்த்துச் செய்தது கிடைக்கும். அவளுக்கு அது வேண்டாம். ஒவ்வொரு செதிலும் கையால் தீட்டியதாக இருக்க வேண்டும்.

"மேசைய எப்பத் தருவே?" என்று கேட்டாள் அம்மா சந்திரமதி. "உங்கப்பா மடியில தட்ட வச்சிக்கிட்டுச் சாப்புடுறாரு. பாக்கச் சகிக்கல."

"ரெண்டு வாரம்மா. காதுப் பக்கம்தான் பாக்கி."

"என் கிளாஸ்ல நாலு வயசுப் பிள்ளைங்க பெயின்ட் அடிச்சி முடிச்சதும் டேபிளத் தொடச்சி வச்சிட்டுப் போவுதுங்க. உனக்கு இருபத்தாறு வயசு லா."

சந்திரமதி பக்கத்து புளோக்கின் கீழ்த்தளத்தில் இருந்த பாலர் பள்ளியில் வேலை பார்த்தாள். சிவானிக்கு வேலை லிட்டில் இந்தியாவில், டன்லப் ஸ்திரீட்டை ஒட்டிய ஒரு சந்தில், மசாலா கடைக்கு மேல் மாடியில் இயங்கிய டென்டல் லேபில். டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து, பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு அதைத் தீட்டிக் கொடுக்கும் வேலை. ஒரு பல்லில் ஏழெட்டு நிறம் இருக்கிறது என்பாள். நாள் முழுக்க அதைச் செய்துவிட்டு, வீட்டுக்கு வந்தும் தூரிகையைத்தான் எடுப்பாள்.

மாணிக்கம் இந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. ஐம்பத்தேழு வயது. முப்பத்தோரு வருஷமாகக் கப்பல் பட்டறையில் வேலை. கப்பலின் அடிப்பாகத்திலும் தொட்டிகளின் உட்சுவரிலும் அடித்த பெயின்ட் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று சோதிக்கும் இன்ஸ்பெக்டர். இரண்டு மாதத்துக்கு முன் சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. நாக்கின் அடியில் புற்று, கதிர்வீச்சு கொடுத்தால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் முப்பத்துமூன்று முறை. பட்டறையில் கப்பல் வேலைக்கு அட்டவணை வாங்குவதுபோல் அதை வாங்கி வந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். "நூறுல மூணுல ஒரு பங்குதான்," என்று சொல்லிவிட்டுக் கோப்பி குடித்தார். அழுதது சந்திரமதிதான்.

முதல் சிகிச்சை திங்கட்கிழமை. யாரும் கூட வரக் கூடாது என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டுத் தனியாகப் போனவர், மதியத்துக்குள் திரும்பிவிட்டார்.

"மெஷின் கோளாறாம்," என்றார். மறுநாளும் அதையே சொன்னார்.

"அவ்வளோ பெரிய ஆஸ்பத்திரில ஒரு மெஷின்தான் வச்சிருக்காங்களா?" என்றாள் சந்திரமதி.

"மத்ததெல்லாம் புக்காயிருக்கு லா. கூப்புடுவாங்க. நீ சோத்தப் போடு."

புதன்கிழமை லேபில் தண்ணீர்க் குழாய் வெடித்து, தரை முழுக்க வெள்ளமாகிவிட்டது. எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சிவானி வழியில் அப்பாவுக்கும் சேர்த்து மீ கோரெங் நூடுல்ஸைத் தாப்பாவ் பொட்டலமாக வாங்கிக்கொண்டு இரண்டு மணிக்கு வந்து கதவைத் திறந்தாள். ஜன்னல் வழியாக வெயில் கூடம் முழுக்க விழுந்திருந்தது. மாணிக்கம் தன் நாற்காலியில் முகமூடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்பா விளையாடுகிறார் என்று நினைத்து முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு, நாற்காலியின் கைகளை அவர் பிடித்திருந்த பிடியைப் பார்த்தாள். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. சட்டை முதுகோடு நனைந்து ஒட்டியிருந்தது. மூடிய முகத்துக்குள்ளிருந்து மூச்சு இரைந்து இரைந்து வந்தது.

"அப்பா?"

அவர் திடுக்கிட்டு முகமூடியைப் பிய்த்து எடுத்தார். முகமூடியின் இடது கன்னம் படாரென்று பிளந்து, காதுவரை கீறல் ஓடியது.

சிவானியின் கண் அப்பாவிடம் போகவில்லை. கன்னத்துக்குத்தான் போனது. "மூணு வாரம்பா! மூணு வாரம் ஒக்காந்து செஞ்சது! கேட்டுட்டு எடுக்கக் கூடாதா? இது என்ன டிவி ரிமோட்டா?"

மாணிக்கம் மடியில் கிடந்த கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். அதில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தினார்.

"ஒரு நிமிஷம் அம்பத்திரெண்டு செகண்ட்," என்றார். "நேத்து ஒரு நிமிஷம் கூட முடியல."

"நேத்தா? நேத்தும் எடுத்தீங்களா? எதுக்கு?"

அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டை எடுக்கவில்லை. அதற்குள்ளிருந்தே பேசினார்.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு, சிவானி."

அவள் தாப்பாவ் பையைத் தரையில் வைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

அவர் சொன்னார். கதிர் ஒரு நூலிழைகூட விலகக் கூடாது என்பதற்காக, ஆஸ்பத்திரியில் முகத்தின் அளவுக்கே ஒரு முகமூடி செய்கிறார்கள். சல்லடை மாதிரி ஓட்டை போட்ட வெள்ளை பிளாஸ்டிக். செய்த அன்று அது சூடான ஈரத்துண்டு போலத்தான் இருந்தது, ஒன்றும் தெரியவில்லை. திங்கட்கிழமை அதை முகத்தில் கவிழ்த்து, இரண்டு பக்கமும் கட்டிலோடு சேர்த்து டக் டக்கென்று பூட்டினார்கள். எச்சில் விழுங்கினால் தாடை இடித்தது. எல்லாரும் வெளியே போய்க் கனமான கதவைச் சாத்தினார்கள். அவர் கையைத் தூக்கி ஆட்டினார். ஓடி வந்து கழற்றிவிட்டார்கள். அரைமணி கழித்து மறுபடி பூட்டினார்கள், மறுபடி கையை ஆட்டினார். மறுநாளும் அப்படியே. இன்று அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை.

"கப்பல் தொட்டிக்குள்ளயே பாதி ஆயுச ஓட்டிட்டேன், இதுக்குப் போயி..." என்றார். "அம்மாகிட்டச் சொல்லாத."

"சொல்லாம? அது பாட்டுக்கு வளரட்டும்னு விட்டுர்றதா?"

"அதுக்குத்தான பழகிப் பாக்குறேன். பதினஞ்சு நிமிஷம் தாங்கிட்டேன்னா போதும்."

சிவானி பிளந்த முகமூடியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அது அவள் முகத்துக்குச் செய்தது. அப்பாவின் அகலமான தாடையில் அது எப்படித்தான் ஏறியதோ.

"நான் சொல்லல," என்றாள். "நீங்களே சொல்லுங்க. இன்னிக்கே."

சாயங்காலம் சந்திரமதி வந்து, குளித்து, விளக்கேற்றி, பயற்றங்கஞ்சி வைத்தாள். மூன்று பேரும் மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டிருந்தபோது மாணிக்கம் சொன்னார். சந்திரமதி கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"நாலு தடவ கட்டில்லேந்து எந்திரிச்சி வந்திருக்கீங்க. வந்து எங்கிட்ட மெஷின் கோளாறுன்னு சொல்லியிருக்கீங்க. நானும் தினம் பள்ளிக்கூடத்துல எல்லார்ட்டயும் மெஷின் கோளாறு மெஷின் கோளாறுன்னு பொலம்பிக்கிட்டு இருக்கேன்."

"மதி..."

"பயமா இருக்குன்னு சொன்னா நான் என்ன சிரிக்கவா போறேன்? என் கிளாஸ்ல ஒரு புள்ள தண்ணிக் குழாயத் தொறக்கப் பயப்புடும். நான் சிரிச்சிருக்கேனா?"

"அது நாலு வயசுப் புள்ள."

"ஆமா. அது நேரா வந்து சொல்லுச்சி."

கீழே பேருந்துகள் வந்து நின்று போகும் சத்தம் கேட்டது. பிறகு மாணிக்கம், இருபது வருஷமாக வீட்டில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

ஒரு எண்ணெய்க் கப்பலின் அடித்தொட்டியில் பெயின்ட் சோதிக்க இறங்கியிருந்தார். ஆள் படுத்து நுழையும் அளவுக்குத்தான் துளை. விளக்கு அணைந்துவிட்டது. வந்த வழியைத் தடவித் திரும்பியபோது, ஒரு துளையில் இடுப்போடு மாட்டிக்கொண்டார். தொட்டி வாயில் காவலுக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும், உள்ளே இருப்பவரை அடிக்கடி கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. அந்த ஆள் கோப்பி குடிக்கப் போயிருந்தான். அவன் திரும்பி வரும்வரை நாற்பது நிமிஷம் கத்தினார். கன்னம் இரும்பில் ஒட்டிக் கிடந்தது. மறுநாள் வேலைக்குப் போனார். அதற்குப் பிறகும் நூற்றுக்கணக்கான தொட்டிகளில் இறங்கி ஏறினார், ஒன்றும் ஆகவில்லை.

"போயிருச்சின்னுதான் நெனச்சேன்," என்றார். "அந்த டக் டக் சத்தம் கேட்டதும் அப்படியே வந்து நின்னுச்சு."

சந்திரமதி எழுந்து, ஆறிப்போன அவருடைய கஞ்சியை வாங்கிக்கொண்டு போய்ச் சூடு பண்ணிக் கொண்டு வந்தாள்.

வியாழக்கிழமை காலையில் அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். சிகிச்சை கொடுக்கும் இல்ஹாம் என்ற பெண் பேசினாள். கடையநல்லூர்க் குடும்பம், பிடோக்கில் பிறந்து வளர்ந்தவள். பேசத் தொடங்கி ஒரு நிமிஷத்தில் தமிழுக்கு மாறிவிட்டாள்.

"அங்கிள் மாதிரி நெறையப் பேரு வர்றாங்க ஆன்ட்டி. வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. கண்ணு எடத்துல வெட்டி விடுறேன், வெளிய பாக்கலாம். ரிலாக்ஸ் ஆகுறதுக்கு மாத்திரையும் இருக்கு, அன்னிக்கே சொன்னேன், அங்கிள்தான் வேணாம்னுட்டாங்க. திங்கக்கெழம பத்தரைக்கு ஸ்லாட் போட்டு வச்சிருக்கேன். டாக்டர் அதுக்கு மேல தள்ள வேணாங்கிறாங்க."

"வீட்டுல மொகத்த மூடிப் படுத்துப் பழகலாமாம்மா?"

"தாராளமா. ரொம்ப நல்லது. ஆனா தனியாச் செய்யக் கூடாது. மூச்சுக்கு நல்லா வழி இருக்கணும். ஒரு செகண்ட்ல கழட்டுற மாதிரி இருக்கணும்."

சிவானி போனை வாங்கினாள். "அக்கா, ஒண்ணு கேக்கவா? அந்த ஷீட்டு சுடுதண்ணில போட்டா எளகுமா? ஆறுனா அப்படியே கெட்டியாயிருமா?"

"ஆமா. ஏன்?"

"எங்கிட்ட அதே மாதிரி ரெண்டு ஷீட்டு இருக்கு."

வேடம் போடுகிறவர்கள் கவசம் செய்ய வாங்கும் ஷீட்தான் அது. ஆஸ்பத்திரியில் ஓட்டை போட்டது, இவளிடம் இருந்தது ஓட்டை இல்லாதது. பிளந்ததை ஒட்டிச் சரிபண்ண வேண்டாம், புதிதாகவே செய்யலாம் என்று முடிவு செய்தாள். அதே சுறா முகமூடி. ஆனால் இந்தத் தடவை அப்பாவின் முகத்துக்கு.

"உனக்குப் போட்டி இருக்கே," என்றார் மாணிக்கம்.

"அது டிசம்பர்ல. இது திங்கக்கெழம."

முகத்துக்கு அளவாகச் செய்ய முதலில் முகத்தின் அச்சு வேண்டும். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது மாவுக்கட்டுத் துணி வாங்கி வந்தாள். எலும்பு முறிந்தால் போடுவார்களே, அதேதான். நனைத்துப் போட்டால் கால்மணி நேரத்தில் இறுகிவிடும். பாயை விரித்து அப்பாவைப் படுக்க வைத்து, முகம் முழுக்க வாஸ்லின் தடவி, மூக்குத் துவாரத்தை மட்டும் விட்டுவிட்டு ஒவ்வொரு பட்டையாக ஒட்டினாள். நெற்றி, கன்னம், தாடை. கண்ணின்மேல் ஒட்டியதும் மாணிக்கத்தின் நெஞ்சு ஏறி இறங்க ஆரம்பித்தது.

"இன்னும் பத்து நிமிஷம்பா."

மூன்றாவது நிமிஷத்தில் அவர் எழுந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் எல்லாவற்றையும் வழித்து எடுத்துவிட்டார். மாவு சோபாவிலும் சுவரிலும் சந்திரமதியின் புடவையிலும் தெறித்தது. மீசையில் மட்டும் வாஸ்லின் போதவில்லை போலிருக்கிறது. ஒரு பக்க மீசை மாவோடு மாவாக இறுகிப்போய் நின்றது. இழுத்தால் உயிர் போனது. மாணிக்கம் எழுந்து குளியலறைக்குள் போனார். பத்து நிமிஷம் கழித்து மீசை இல்லாமல் வெளியே வந்தார்.

கல்யாணத்தின்போதே அவருக்கு மீசை இருந்தது. சந்திரமதி அவரைப் பார்த்தாள். முந்தானையால் வாயைப் பொத்தினாள். முடியவில்லை. சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"யாருங்க நீங்க? எங்க வீட்டுக்காரர் எங்க?"

"சிரி, சிரி," என்று மாணிக்கம் மேலுதட்டைத் தடவிக்கொண்டார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உட்கார்ந்ததும் தோள் தொங்கிப்போனது. "முடியாது போல சிவானி."

சிவானி தரையில் சிந்திய மாவைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். "அப்பா, தொட்டிக்குள்ள எறங்குறதுக்கு முன்னால என்ன ரூல்?"

"என்ன ரூலுன்னா? காத்த டெஸ்ட் பண்ணணும். ரெண்டு விளக்கு எடுத்துக்கணும். வாயில ஆளு நிக்கணும், கூப்புட்டுக்கிட்டே இருக்கணும். மாத்து ஆளு வராம அவன் நகரக் கூடாது."

அவர் சொல்லி முடிப்பதற்குள் சந்திரமதி சமையலறையிலிருந்து சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியைக் கொண்டுவந்து பாயின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த ஆளு நான்," என்றாள்.

"நீ நடுவுல அடுப்பப் பாக்கப் போயிருவே."

"அடுப்ப அணைச்சாச்சு. படுங்க."

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு நிமிஷமும் இரண்டு தடவை தட்டுவாள். அவர் திருப்பி இரண்டு தடவை தட்ட வேண்டும். சிவானி, எந்த இடத்தில் அடுத்த பட்டையை வைக்கப்போகிறாள் என்பதை வைக்கும் முன்பே சொன்னாள். "இப்ப வலது கன்னம். இப்ப மூக்குத் தண்டு. ரெண்டு ஓட்டையும் தொறந்துதான் இருக்குப்பா, ஊதிப் பாருங்க." கண்ணை மூடும்போது நெஞ்சு மறுபடி ஏறியது. சந்திரமதி தட்டினாள். பதில் வரவில்லை. மறுபடி தட்டி, "இங்கதான் இருக்கேன்," என்றாள். அவர் விரல் அசைந்து இரண்டு தடவை தட்டியது.

பதினான்காவது நிமிஷம் அச்சு கழன்று வந்தது. உள்ளே மாணிக்கத்தின் முகம் குழிந்து இருந்தது, வியர்வையோடு.

சனிக்கிழமை காலையிலிருந்தே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பத்து மணிக்குக் காற்றும் மழையும் சேர்ந்து அடித்ததில், எதிர் புளோக்கில் மூங்கில் கழியில் காய்ந்த துணிகளை ஆட்கள் அவசர அவசரமாக உள்ளே இழுத்தார்கள். இங்கே சிவானி அச்சுக்குள் பிளாஸ்டர் ஊற்றி அப்பாவின் தலையை எடுத்திருந்தாள். ஷீட்டை வெந்நீரில் இளக்கி அதன்மேல் போர்த்தி, மூக்கு, தாடை, புருவம் என்று விரலால் அழுத்தி அழுத்தி உருவம் பிடித்தாள். வாய்க்கும் மூக்குக்கும் தாராளமாகத் திறப்பு வைத்தாள். கண்ணுக்குச் சுறாவின் ஒடுங்கிய பிளவு. பின்னால் வெல்க்ரோ பட்டை, ஒரே இழுப்பில் வந்துவிடும்.

அடிக்கு மண் நிறம், அதன்மேல் செம்பு. பிறகு, பழஞ்செம்பில் பிடிக்கும் பச்சைக்களிம்பு. பஞ்சில் பச்சையைத் தொட்டுச் சிவானி கன்னம் முழுக்க ஒற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து மாணிக்கம் பக்கத்தில் வந்து நின்றார்.

"பச்ச அப்படிப் பரவாது. தண்ணி எங்க தங்குதோ அங்கதான் புடிக்கும். மூக்குக்குக் கீழ, கண்ணு ஓரம், செதிலோட அடிப்பக்கம். தண்ணி வழிஞ்சி ஓடுற எடம் சுத்தமா இருக்கும்."

"படத்துல எல்லா எடத்துலயும் இருந்துச்சே."

"படத்துல செஞ்சவன் கப்பலப் பாத்ததில்ல."

சிவானி ஒரு சிறு தூரிகையை அவரிடம் நீட்டினாள். "அப்ப நீங்க செய்யுங்க."

உருளையும் ஸ்பிரே துப்பாக்கியும் பார்த்த கை அது. அரிசி அளவு செதிலுக்கு முன்னால் நடுங்கியது. சுண்டுவிரலைக் கீழே ஊன்றிக்கொண்டால் நடுங்காது என்று சிவானி காட்டினாள், பல் தீட்டும்போது அவள் செய்வதுபோல. இடது கன்னத்தை அப்பா எடுத்துக்கொண்டார், வலது கன்னத்தை மகள். சந்திரமதி இரண்டு பேருக்கும் இடையில் உளுந்து வடையை வைத்துவிட்டு, பெயின்ட் கையோடு தொடாதீர்கள் என்று வாயில் ஊட்டிவிட்டாள். மாணிக்கத்தின் செதில்கள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வரிசை காதுப் பக்கம் போகப் போக மேலே ஏறியது.

"கோணலா இருக்கில்ல?"

"கொஞ்சம். விடுங்க, நல்லாருக்கு."

ஒரு பூச்சு காய்வதற்கும் அடுத்த பூச்சுக்கும் இடையில் அவர் அதைப் போட்டுக்கொண்டு படுத்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் உயரமாகவும் கெட்டியாகவும் இருக்கும், பாய் சரிப்படாது என்றார். அதனால் மேசை காலியாயிற்று.

"மூணு வாரமா நான் கேட்டேன், கெடைக்கல," என்று சந்திரமதி அதைத் துடைத்து, தலைக்கு மடித்த போர்வையை வைத்தாள்.

முதலில் நான்கு நிமிஷம். பிறகு ஏழு. சாயங்காலம் மழை விட்ட பிறகு ஒன்பது. ஞாயிறு காலை பதினாறு நிமிஷம் படுத்திருந்துவிட்டு எழுந்து, "இவ்வளவுதானா?" என்றார். சந்தோஷத்தில் சிவானி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். ஆனால் அன்று மத்தியானமே, ஒரு காரணமும் இல்லாமல், ஐந்தாவது நிமிஷத்தில் பட்டையை இழுத்துவிட்டார். மறுபடி போட்டார், அப்போதும் ஐந்துதான். மேசை ஓரத்தில் காலைத் தொங்கப் போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கும் இப்படி ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா எந்திரிச்சிட்டு மறுபடி படுப்பீங்க," என்றாள் சந்திரமதி.

அவர் தலையாட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மாத்திரையும் வாங்கிக்கலாம்," என்றார். அதுவரை மாத்திரை என்ற பேச்சையே எடுக்க விடாதவர்.

திங்கட்கிழமை சிவானி லீவு போட்டாள். சந்திரமதியும் போட்டாள். மூன்று பேரும் ரயிலில் போனார்கள். சுறா முகமூடியை ஒரு பேரங்காடிப் பையில் வைத்து மாணிக்கம் மடியில் பிடித்திருந்தார். எதிர் இருக்கையில் இருந்த சீனப் பாட்டி பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த பச்சை படிந்த சுறா முகத்தைப் பார்த்துவிட்டு இடம் மாறி உட்கார்ந்துகொண்டார்.

இல்ஹாம் முகமூடியைக் கையில் வாங்கியதும் குரல் உயர்ந்துவிட்டது. "ஹே, இது அந்தப் படத்துல வர்றது! யார் செஞ்சா?"

"வலது பக்கம் மக செஞ்சது," என்றார் மாணிக்கம். "இடது பக்கம் நான்."

"ரெண்டுல இடதுதான் நெஜமாத் துருப்புடிச்ச மாதிரி இருக்கு அங்கிள். மீசைய எங்க காணோம்?"

"அது பெரிய கத."

மாத்திரையில் பாதி கொடுத்து அரைமணி உட்கார வைத்தார்கள். சுவரில் வரிசையாக வெள்ளைச் சல்லடை முகங்கள் தொங்கின, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். இல்ஹாம் மாணிக்கத்தின் முகத்தை எடுத்துக் காட்டினாள். கண் இருந்த இடம் வெட்டித் திறந்திருந்தது. அவர் அதை வாங்கி, மூக்குப் பக்கம் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சந்திரமதி கதவுவரை போனாள். அதற்கு மேல் போக அனுமதியில்லை.

"நீ எங்கம்மா இருப்பே?" என்று இல்ஹாமிடம் கேட்டாள்.

"இந்த ரூம்ல ஆன்ட்டி. கேமராவுல அங்கிளப் பாத்துக்கிட்டே இருப்பேன். மைக்குல பேசலாம்."

"நிமிஷத்துக்கு ஒரு தடவ கூப்புடு. பதிலுக்கு ரெண்டு தடவ வெரலத் தட்டுவாரு. தட்டலன்னா மறுபடி கூப்புடு. நடுவுல யாரு வந்து கேட்டாலும் நகராத."

இல்ஹாம் சிரிக்கவில்லை. "நகர மாட்டேன் ஆன்ட்டி," என்றாள்.

கனமான கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. அம்மாவும் மகளும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நான்காவது நிமிஷத்தில் ஒரு நர்ஸ் வேகமாக நடந்து வந்தாள். சந்திரமதி எழுந்துவிட்டாள். நர்ஸ் அவர்களைத் தாண்டி வேறொரு அறைக்குப் போனாள். பத்தாவது நிமிஷத்துக்கு மேல் சிவானி கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். அம்மாவின் கை அவள் மணிக்கட்டில், இரண்டு இரண்டாகத் தட்டிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தபோது இருபத்தொரு நிமிஷம் ஆகியிருந்தது. மாணிக்கம் தானாக நடந்து வந்தார். நெற்றியிலும் கன்னத்திலும் மீசை இல்லாத மேலுதட்டிலும் சல்லடையின் தடம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பதிந்திருந்தது. இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள்.

"ஒன்பதாவது நிமிஷம் கொஞ்சம் தடுமாறிருச்சி," என்றார். "அந்தப் பொண்ணு கூப்புட்டுக்கிட்டே இருந்துச்சு." பிறகு, "பசிக்குது," என்றார்.

லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் மீன் பிரியாணி வாங்கி உட்கார்ந்தார்கள். வாய் வலி மூன்றாவது வாரத்திலிருந்து தொடங்கும், அதற்குள் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று இல்ஹாம் சொல்லியிருந்தாள். மாணிக்கம் இலையில் ஒரு பருக்கை விடவில்லை. சிவானி, டிசம்பருக்குத் தனக்கு வேறொன்று செய்ய வேண்டும், அப்பாவின் மூக்கு தன் மூக்கைப்போல் இரண்டு மடங்கு என்றாள்.

"எதுக்கு வேற செய்யுறே? நானே போறேன் போட்டிக்கு," என்றார் மாணிக்கம்.

"பொம்பள வேஷம்பா அது."

"அதுக்குத்தான் மீசைய எடுத்தாச்சே," என்றாள் சந்திரமதி.

மறுநாள் செவ்வாய். காலையில் மாணிக்கம் மேசையில் உட்கார்ந்து ஐந்து தோசை சாப்பிட்டார், நேற்று வைத்த நெத்திலிக் குழம்போடு. சந்திரமதி செருப்பைப் போடுவதைப் பார்த்துவிட்டு, "நீ எங்க கெளம்பிட்டே?" என்றார்.

"உங்ககூடத்தான்."

"வேணாம் மதி. ரெண்டு நாளா லீவு போட்டா உன் பிள்ளைங்க தேடும். நான் போயிட்டு வந்துர்றேன்."

அவள் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு அவரோடு லிஃப்டில் இறங்கினாள். கீழே அவர் பேருந்து நிலையத்துப் பக்கம் போனார், அவள் பாலர் பள்ளிப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது அவர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

பதினொன்றரைக்கு, கை முழுக்க நீலப் பெயின்டோடு நின்ற ஒரு பிள்ளையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தபோது அவளுடைய கைப்பேசி அதிர்ந்தது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள்.

"ரெண்டு முடிஞ்சிது. முப்பத்தொண்ணு பாக்கி. மார்க்கெட் பக்கம் எறங்குறேன். மீன் வாங்கவா?"

அவள் நின்ற இடத்திலேயே அதை இரண்டு முறை படித்தாள். பிள்ளை அவள் புடவையைப் பிடித்து இழுத்தது.

"வாங்குங்க," என்று அனுப்பினாள். "முள்ளு கம்மியா உள்ளதாப் பாத்து."